ஏலக்கூடத்துச் சுவர் காலியாக இருக்கிறது: பொதுத் தகவல் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மன்னார் வளைகுடாக் கரையிலும் பாக் விரிகுடாக் கரையிலும் இருக்கும் எங்கள் ஊர்களுக்குப் பொறுப்பான அரசு அலுவலகங்களின் பொதுத் தகவல் அலுவலர்களுக்கு,

ஐயா, அம்மா, வணக்கம்.

இது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (ஆர்.டி.ஐ.) கீழ் போடும் மனு இல்லை; பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டவில்லை. ஒப்புகை அட்டையும் இணைக்கவில்லை. ஆகவே இதற்கு முப்பது நாள் கெடு கிடையாது. பதறாமல் படிக்கலாம்.

நான் பாசி எடுக்கும் குடும்பத்துப் பெண். என் அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடலில் முங்கியவர். விரல்களில் துணி சுற்றி, சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து இடுப்புப் பையில் நிரப்புவார். நானும் சில ஆண்டுகள் கூடப் போனேன். முங்கி முங்கி ஒரு காது மந்தமானதால் கரையோடு நின்றுவிட்டேன். பிளஸ் டூ வரை படித்தவள் என்பதால் ஊருக்கு மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வலை சீர்செய்யும் பருவம் அது. எனக்கு மனு எழுதும் பருவமும் அதுதான். வலைக் கொட்டகையின் ஓரத்தில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். "தங்கச்சி, இதையும் ஒரு வரி சேர்த்துக் கேள்" என்று ஒருவர், "மதினி, என் பெயர் வெளியே தெரியாமல் எழுத முடியுமா" என்று இன்னொருவர். இரண்டாவது ரகம்தான் அதிகம். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

என் முதல் மனுவின் கதை இது. மீனவ மகளிர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம் உங்களுக்குத் தெரியும். நாங்கள் தவணை தவணையாக 1,500 ரூபாய் கட்டுவோம். அரசு 3,000 ரூபாய் சேர்த்து, மீன்பாடு குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாகத் திருப்பித் தரும். ஓர் ஆண்டு எங்கள் ஊரில் பதினான்கு பெண்களுக்கு அந்தப் பணம் வரவில்லை. தவணை கட்டிய சீட்டு பதினான்கு பேரிடமும் இருந்தது. அலுவலகத்தில் கேட்டால் வங்கியைக் கைகாட்டினார்கள். வங்கியில் ஆதார் மையத்தைக் கைகாட்டினார்கள். ஆதார் மையத்தில் கணினியைக் கைகாட்டினார்கள். கணினிக்குக் கை இல்லாததால் அங்கேயே நின்றுவிட்டோம்.

"இந்தப் பதினான்கு பேருக்கும் ஏன் நிவாரணம் வழங்கப்படவில்லை?" என்று மனு எழுதினேன். இருபத்தொன்பதாம் நாள் பதில் வந்தது: மனுதாரரின் கோரிக்கை கேள்வி வடிவில் இருப்பதால் தகவல் வழங்க வழிவகை இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. கேட்பதைக் கேள்வி வடிவில் கேட்காமல் விடுகதை வடிவிலா கேட்பது? பிறகுதான் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். அலுவலகத்தில் பதிவாக இருப்பதைத்தான் சட்டம் தகவல் என்கிறது. இல்லாத பதிவை மனுதாரருக்காக உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று 2011-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது, சி.பி.எஸ்.இ. மாணவர் ஒருவர் தன் விடைத்தாளைக் கேட்ட வழக்கு அது. மாணவருக்கு விடைத்தாள் கிடைத்தது. எங்களைப் போன்றவர்களுக்கு "ஏன்" என்ற சொல்லின் மேல் ஒரு எச்சரிக்கை கிடைத்தது.

சரி என்று இரண்டாவது மனுவில் ஏன், எதற்கு, எப்படி மூன்றையும் எடுத்துவிட்டேன். "பயனாளிகள் பட்டியலில் இருந்து பெயர்கள் நீக்கப்பட்ட கோப்பின் நகல், குறிப்புப் பக்கங்கள் உட்பட" என்று எழுதினேன். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் கட்டினேன். கோப்பு வந்தது. அதை நேர்மையாக அனுப்பிய அலுவலருக்கு இந்த மடலிலும் என் நன்றி.

கோப்பில் என்ன இருந்தது தெரியுமா? தலைப்பெழுத்து. சங்கப் பதிவேட்டில் அந்தப் பெண்களின் பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து. வங்கிக் கணக்கில் கணவரின் எழுத்து. யாரோ ஒருவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தவில்லை என்று பென்சிலால் கோடு போட்டிருந்தார். பதினான்கு பென்சில் கோடுகள். அவற்றைக் கண்ணால் பார்க்க எங்களுக்கு இரண்டு மனுவும் ஏறக்குறைய நான்கு மாதமும் ஆயின. அந்தப் பட்டியலைப் பணம் போடுவதற்கு ஒரு வாரம் முன்பு எங்கள் ஏலக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்தால், விடிகாலை ஏலத்துக்கு வரும் பெண்களே பார்த்து, "இது அவள் அப்பன் எழுத்து, அது அவள் புருசன் எழுத்து" என்று மீன் கூடையை இறக்கி வைப்பதற்குள் தீர்த்திருப்பார்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் அதற்கான வாதம்.

அந்த ஏலக்கூடத்தைப் பற்றியதுதான் அடுத்த மனு. போட்டு இரண்டு மழைகூடத் தாங்காமல் தளம் பெயர்ந்துவிட்டது. ஐஸ் பெட்டியை இழுத்தால் சிமெண்டுத் தூள் கூடவே வருகிறது. பணியின் மதிப்பீடு, செய்த வேலையை அளந்து எழுதிவைக்கும் அளவுப் புத்தகத்தின் நகல், பணி முடிந்ததற்கான சான்று ஆகியவற்றைக் கேட்டேன். சட்டத்தின் 2(ஜே) பிரிவு பணியைப் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுத்துக்கொள்ளவும் உரிமை தருகிறது, அதையும் கேட்டேன். (மாதிரிக்குக் கடப்பாரை தேவைப்படவில்லை. துடைப்பம் போதும்.)

உங்கள் பதில் வருவதற்கு முன்பு எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ஒப்பந்தக்காரருடைய ஆள். மரியாதையாகத்தான் பேசினார். "அக்கா, உங்களுக்கு எதற்கு இந்த வேலை, என்ன வேண்டுமோ நேரில் சொல்லுங்கள்" என்றார். என் மனுவில் நான் எழுதிய வரிசை எண்ணோடு கேள்விகளை அவர் வாசித்துக் காட்டினார். மறுநாள் என் தம்பி வேலை பார்க்கும் படகின் உரிமையாளரிடமும் யாரோ பேசியிருக்கிறார்கள். அந்த அலுவலகம் எது என்று இங்கே நான் எழுதப்போவதில்லை. படிக்கிறவர்களில் அந்த ஒருவருக்குத் தெரியும்.

மனு எழுதச் சொல்லும் என் ஊர்க்காரர்கள் ஏன் பெயரை மறைக்கச் சொல்கிறார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும். கடற்கரை ஊரில் எல்லோரும் யாருக்காவது கடன்பட்டவர்கள். வலைக்கு முன்பணம் வாங்கியிருப்போம். பாசி வியாபாரியிடம் முன்பணம் இருக்கும். ஒப்பந்தக்காரரின் மச்சானுடைய ஐஸ் கம்பெனியில் பாக்கி இருக்கும். இங்கே ஒரு மனுவில் கையெழுத்துப் போடுவது, நகரத்தில் ஒருவர் மனுப் போடுவதைப் போன்றதல்ல. சட்டம் இதை அறியாமல் எழுதப்படவில்லை. மனுதாரர் காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தொடர்புகொள்ளத் தேவையானதைத் தவிர வேறு சொந்த விவரமும் தர வேண்டியதில்லை என்று 6(2) பிரிவு சொல்கிறது. முகவரிக்குப் பதிலாக அஞ்சல் பெட்டி எண் கொடுத்தாலே போதும் என்று கொல்கத்தா உயர் நீதிமன்றம் 2013-இல் சொன்னது. நல்ல தீர்ப்பு. எங்கள் கிளை அஞ்சலகத்தில் பெட்டி என்று இருப்பது வாசலில் தொங்கும் சிவப்புப் பெட்டி ஒன்றுதான். அதற்கு எண் கிடையாது.

தளம் பற்றிய மனுவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முப்பது நாளில் பதில் இல்லை. முதல் மேல்முறையீடு செய்தேன். மதிப்பீடு வந்தது. அளவுப் புத்தகம் "தேடப்பட்டு வருகிறது". தொண்ணூறு நாளுக்குள் இரண்டாவது மேல்முறையீடும் போட்டாயிற்று. அது ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில் தகவல் ஆணையத்தின் வரிசையில் நிற்கிறது. கச்சத்தீவு பற்றிய 1974-ஆம் ஆண்டுக் காகிதங்களே தகவல் உரிமை மனு மூலம் கிடைத்தவை என்று 2024 தேர்தல் நேரத்தில் நாடெங்கும் பேசினார்கள். அரை நூற்றாண்டுப் பழைய ராஜதந்திரக் காகிதம் டெல்லியில் பத்திரமாக இருக்கிறது. எங்கள் ஏலக்கூடத்தின் அளவுப் புத்தகத்தை மட்டும் இரண்டே ஆண்டில் கறையான் தின்றுவிட்டது போலும்.

இடம் மாற்றி அனுப்பும் 6(3) பிரிவைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். மனு தவறான அலுவலகத்துக்கு வந்துவிட்டால் ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது மக்களுக்குச் செய்த நல்ல ஏற்பாடு. எங்கள் கரையில் அது எங்களைச் சுற்ற விடும் ஏற்பாடாகிவிட்டது. கடல் ஒன்றுதான், ஆனால் அதற்கு அதிகாரிகள் எத்தனை! மீன் என்றால் மீன்வளத்துறை. 1986-இல் தேசியப் பூங்கா அறிவித்த பிறகு 21 தீவுகளும் சுற்றியுள்ள நீரும் வனத்துறை. கரை மணல் வருவாய்த்துறை. கரைக்கு வரும் சாலை ஊராட்சி ஒன்றியம். தண்ணீர் குடிநீர் வடிகால் வாரியம். "பாசி எடுக்கும் பெண்கள் எந்த எல்லை வரை போகலாம் என்பதைக் காட்டும் வரைபடத்தின் தமிழ் நகல்" என்று நான் கேட்ட ஒரு மனு, மூன்று அலுவலகங்களைச் சுற்றிவிட்டு, முதலில் புறப்பட்ட அலுவலகத்துக்கே "உரிய நடவடிக்கைக்காக" வந்து சேர்ந்தது. எல்லை தெரியாமல் உள்ளே போனால் அபராதம் விதிக்க மட்டும் எந்தத் துறை என்ற சந்தேகம் யாருக்கும் வருவதில்லை.

அடுத்தது "நேரில் வந்து பார்வையிடலாம்". நான் பார்வையிடக் கேட்டால் அது என் உரிமை. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை. நகல் கேட்டவளை நேரில் வரச் சொன்னால் அது வேறு கதை. விடியலில் கிளம்பி இரண்டு பஸ் மாறி இராமநாதபுரம் வந்து, கோப்பு வைத்திருப்பவர் முகாமுக்குப் போயிருக்கிறார் என்று கேட்டுத் திரும்பினால் ஒரு நாள் பாசிக் கூலி போயிற்று. கேட்ட வடிவில்தான் தகவலைத் தர வேண்டும் என்று 7(9) சொல்கிறது. அலுவலகத்தின் வேலையை அளவுக்கு மீறித் திசைதிருப்பும் என்றால், அல்லது ஆவணமே கெட்டுவிடும் என்றால்தான் விலக்கு. நான் கேட்டது நான்கு பக்கம்.

உங்கள் பக்கமும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரே எழுத்தர் மூன்று மேசை பார்க்கிறார். தடைக்கால நிவாரணப் பட்டியல், படகு ஆய்வு, முதல்வர் வருகை எல்லாம் ஒரே வாரத்தில் வரும். வண்டி எண் பலகைக்கு மேல் "ஆர்.டி.ஐ. ஆர்வலர்" என்று எழுதிக்கொண்டு, கிடைத்த தகவலைக் காட்டி ஒப்பந்தக்காரரிடம் கறப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களால் என்னைப் போன்றவர்களுக்கும் சேர்த்துத்தான் கெட்ட பெயர். தாமதமானால் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் உங்கள் சொந்தச் சம்பளத்தில் பிடிக்கப்படும். கோப்பை மேசைக்கடியில் வைத்திருக்கும் மேலதிகாரிக்குச் சேதாரம் இல்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், 5(5) பிரிவைப் படியுங்கள். நீங்கள் உதவி கேட்டும் அவர் தரவில்லை என்றால், அந்த விஷயத்தில் அவரும் பொதுத் தகவல் அலுவலராகவே கருதப்படுவார். எழுதிக் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள்.

ஆனால் இந்தச் சுமை முழுவதையும் இறக்கிவைக்க அதே சட்டத்தில் வழி இருக்கிறது. நாங்கள் பிடித்துக்கொண்டு தொங்குவது 6-ஆம் பிரிவை: கேட்டால் கொடு. அதற்கு முன்னால் 4-ஆம் பிரிவு இருக்கிறது: கேட்காமலே கொடு. சட்டம் இயற்றி 120 நாளுக்குள் ஒவ்வொரு அலுவலகமும் தானாக வெளியிட வேண்டியவற்றை 4(1)(பி) பதினேழு உட்பிரிவுகளாகச் சொல்கிறது. பன்னிரண்டாவதில் மானியத் திட்டங்கள், ஒதுக்கிய தொகை, பயனாளிகளின் விவரம். பதின்மூன்றாவதில் சலுகைகளும் அனுமதிகளும் பெற்றவர்களின் விவரம். மக்கள் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தித் தகவல் கேட்க வேண்டிய தேவையே குறையும்படி அவ்வப்போது தாமாகத் தகவல் தர வேண்டும் என்கிறது 4(2). உள்ளூர் மொழியில், அந்தப் பகுதிக்கு எது மிகவும் பயன்படுமோ அந்த முறையில், அறிவிப்புப் பலகை உட்பட, பரப்ப வேண்டும் என்கிறது 4(4). சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2005 அக்டோபர் 12. அதற்கும் எட்டு ஆண்டு முன்பே, 1997-இல், தகவல் உரிமைக்குத் தனிச்சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. 120 நாள் இன்னும் முடியவில்லையா?

இணையதளத்தில் போட்டிருக்கிறோம் என்பீர்கள். பார்த்தேன். மாறிப் போன அதிகாரியின் பெயரும், திறக்காத ஒரு கோப்பும் இருந்தன.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். அம்மன் கோயில் திருவிழா முடிந்த சில நாளில் ஊர்க்கூட்டம் போட்டுக் கணக்கு வாசிப்பார்கள். எந்த வீடு வரி கொடுத்தது, எந்த வீடு பாக்கி, மேளத்துக்கு எவ்வளவு, பந்தலுக்கு எவ்வளவு, கற்பூரத்துக்கு எவ்வளவு. ஒரு ரூபாய் இடித்தாலும் பின்வரிசையில் இருந்து ஒரு ஆச்சி எழுந்து, "வாழைத்தார் நாலுதானே வந்தது, ஆறு எப்படி எழுதினாய்?" என்பாள். ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது; வாழைத்தாரை எண்ணத் தெரியும். பக்கத்து ஊரில் சந்தனக்கூடு முடிந்தாலும், அதற்கடுத்த ஊரில் மாதா திருவிழா முடிந்தாலும் இதேதான். கணக்குக் கேட்கிறாயே என்று யாரும் யாரையும் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுவதில்லை. எல்லோருக்கும் முன்னால் வாசிப்பதால், தனியாகக் கேட்டவர் என்று ஒருவர் கிடையாது.

ராஜஸ்தானில் இந்தச் சட்டத்துக்கு வித்திட்டதும் இந்த முறைதான் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பெருமையும் வந்தது. 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற கிராமத்தில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு ஊர் மக்களைக் கூட்டி, அரசுப் பணிகளின் கூலிப் பட்டியலையும் ரசீதுகளையும் சத்தமாக வாசித்தது. வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குச் செலவு என்று ஒவ்வொன்றாக மக்களே எழுந்து சொன்னார்கள். 1996-இல் பியாவர் நகரத்தில் நாற்பது நாள் உட்கார்ந்து போராடினார்கள். அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான அருணா ராய் போன்றவர்களின் பெயர் வெளியே தெரிந்தது. எழுந்து நின்று பேசியவர்கள் கூலிக்காரர்களும் விவசாயிகளும்.

அதனால் எங்கள் வேண்டுகோள் சிறியது. எங்கள் ஏலக்கூடத்தில் தெற்குச் சுவர் வெறுமையாக இருக்கிறது. தளம்தான் பெயர்ந்ததே தவிர, சுவர் உறுதியாகத்தான் நிற்கிறது. தடைக்கால நிவாரணம், சேமிப்பு நிவாரணம் இரண்டின் பட்டியலையும் பணம் போடுவதற்கு முன்பே அங்கே ஒட்டுங்கள். நீக்கிய பெயர்களை நீக்கிய காரணத்தோடு தனியாக ஒட்டுங்கள். ஊரில் நடக்கும் ஒவ்வொரு பணிக்கும் மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்தக்காரர், தொடங்கிய நாள், முடித்த நாள், பழுது வந்தால் எத்தனை நாள் வரை அவரே சரிசெய்து தர வேண்டும் என்பதை எழுதிப் போடுங்கள். தீவுகளின் எல்லை வரைபடத்தைத் தமிழில் போடுங்கள். மே 1 கிராம சபை தடைக்காலத்துக்குள் வருகிறது; விசைப்படகுக்காரர்களும் ஊரில் இருப்பார்கள். அன்றைக்கு ஒருமுறை வாசித்துவிடுங்கள். வாழைத்தார் எண்ணும் ஆச்சியும் வருவாள்.

தனியுரிமை என்று ஒரு புதுக் காரணம் இப்போது கேட்கிறது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சொந்தத் தகவலுக்கு விலக்குத் தரும் 8(1)(ஜே) பிரிவைத் திருத்திச் சுருக்கிவிட்டது. சொந்தத் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று அதைப் படிக்கிறார்கள். எனக்கு அந்தத் திருத்தம் பிடிக்கவில்லை. அது தனி வழக்கு. ஆனால் பயனாளிகள் விவரத்தை வெளியிடச் சொல்லும் 4(1)(பி) அப்படியே இருக்கிறது. பொதுநலன் பெரிதென்றால் விலக்கு பெற்ற தகவலையும் தரலாம் என்னும் 8(2) பிரிவும் இருக்கிறது. எங்களுக்கு யாருடைய ஆதார் எண்ணும் வேண்டாம், வங்கிக் கணக்கு எண்ணும் வேண்டாம். பெயர், தலைப்பெழுத்து, தொகை. குறிப்பாகத் தலைப்பெழுத்து.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் சுவர் போதாது. கடலுக்குப் போனவர்கள் இலங்கைக் கடற்படையிடம் பிடிபடும் இரவுகளில், யார், எந்தப் படகு, எந்த முகாம் என்பதை நாங்கள் அறிவது பக்கத்துப் படகில் தப்பி வந்தவர் சொல்லித்தான். உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 7(1) சொல்கிறது. அந்த இரவில் எந்த வீட்டிலும் மனு எழுதும் கை இருக்காது. யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு பெயரும் எண்ணும், இரவில் எடுக்கும் எண்ணாக, எங்களுக்குக் கொடுத்துவையுங்கள்.

ஜூன் 15 விடியலில் படகுகள் இறங்கிவிடும். அதற்கு முன் ஒட்டினால் எல்லோரும் பார்த்துத் திருத்தம் சொல்ல நேரம் இருக்கும். உப்புக்காற்றில் காகிதம் சீக்கிரம் உரிந்து வரும் என்று கவலை வேண்டாம். மைதாப் பசை நாங்களே காய்ச்சி வைக்கிறோம். ஏணி மட்டும் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
வலைக் கொட்டகையில் மனு எழுதுகிறவள்,
மன்னார் வளைகுடாக் கரை, இராமநாதபுரம் மாவட்டம்.